எழுத்தாளர் நாற்காலியில் என் மகள்

1

நியூசிலாந்துக்கு வந்து ஐந்து வருடம் முடிந்த வாரத்தில், நாலாம் வகுப்புக் கட்டுரையில் நான் ஃபெயில் ஆனேன். மகள் ஃபெயில் ஆகவில்லை, கவனியுங்கள். நான்தான். கிழக்குத் தாம்பரத்தில் ஒன்பது வருடம் ஐந்தாம் வகுப்பு எடுத்த மாலதி டீச்சர்.

என் மகள் நித்யாவுக்கு ஒன்பது வயது. ஆக்லாந்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளியில் படிக்கிறாள். ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். தலைப்பு: உன் வாழ்க்கையில் நடந்த ஒரு சின்ன விஷயம். சின்ன விஷயமாம்! நம் ஊரில் யாராவது சின்ன விஷயத்துக்குக் கட்டுரை எழுதச் சொல்வார்களா? நூலகத்தின் பயன், உழவின் சிறப்பு, நான் முதலமைச்சரானால். கட்டுரை என்றால் அப்படி இருக்க வேண்டாமா?

சரி, இவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று சாப்பாட்டு மேஜையில் நானே உட்கார்ந்து எழுதினேன். 'எங்கள் இந்தியப் பயணம்.' போன வருடம் ஊருக்கு வந்திருந்தோமே, அது. முன்னுரையில் இந்தியா பல மொழிகளும் பண்பாடுகளும் கொண்ட பழம்பெரும் நாடு. நடுவில் விமானம், கோயில், மாமல்லபுரம். முடிவுரையில் பயணம் அறிவை வளர்க்கும். எல்லாம் நல்ல ஆங்கிலத்தில், ஒரு பிழை கிடையாது. நித்யா அதை முத்து முத்தாகப் பார்த்து எழுதினாள். கேட்டால் சொல்ல வேண்டுமே என்று மனப்பாடமும் செய்ய வைத்தேன்.

இதைப் படிக்கிற நீங்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். பிள்ளைக்குக் கட்டுரை எழுதித் தராத அம்மா தாம்பரம் பக்கம் யார் இருக்கிறாள், சொல்லுங்கள். ஆண்டு விழாப் பேச்சு, மாறுவேடப் போட்டி வசனம், எல்லாம் அம்மா கைங்கரியம்தானே. பரிசு வாங்கும்போது மேடையில் பிள்ளை நிற்கும், கீழே அம்மாவுக்குத்தான் கண் கலங்கும்.

கட்டுரை திரும்பி வந்தது. மேலே ஒரு மஞ்சள் துண்டுக் காகிதம். 'மிக அழகான எழுத்து. ஆனால் இதில் நித்யாவின் குரல் எனக்குக் கேட்கவில்லை. அவளையே எழுதச் சொல்லலாமா?' கீழே அவள் டீச்சர் மிஸஸ் பார்க்கரின் கையெழுத்து, பக்கத்தில் சிரிக்கிற வட்ட முகம் ஒன்று. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் எனக்கு உச்சந்தலை வரை ஏறியது.

என் வீட்டுக்காரர் காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "நாலாங்கிளாஸ்லயே அரியர் வெச்சிட்டியே மாலு!" என்றார். அன்றைக்கு அவருக்கு அப்பளம் கிடையாது.

2

வயிற்றெரிச்சல் எனக்குப் புதிதில்லை. எண்பதுகளில் எங்கள் பள்ளி விமானப்படைத் தளத்துக்குப் போகிற சாலையில் இருந்தது. ஐந்தாம் வகுப்பு 'ஏ' பிரிவு எனக்கு. 'பி' பிரிவு ரூபி டீச்சருக்கு. இரண்டுக்கும் நடுவில் சுவர் கிடையாது, மூங்கில் தட்டி மட்டும். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும்.

நான் கட்டுரை எடுக்கிற முறை எல்லாருக்கும் தெரிந்த முறைதான். கரும்பலகையில் முழுக் கட்டுரையையும் எழுதிப் போடுவேன். பிள்ளைகள் பார்த்து எழுதி, வீட்டில் உருப்போட்டு, மறுநாள் பார்க்காமல் எழுத வேண்டும். 'நான் கண்ட பொருட்காட்சி' என்றால், 'சென்ற ஞாயிறன்று என் மாமா என்னைத் தீவுத்திடல் பொருட்காட்சிக்கு அழைத்துச் சென்றார்' என்று தொடங்கும். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் அதைச் சொல்லும்போது தட்டி அதிரும்.

தட்டிக்கு அந்தப் பக்கம் ரூபி டீச்சர், "வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்கு யார் யார் போனீங்க? கை தூக்குங்க. அங்க என்ன வாசனை அடிச்சுதுன்னு மட்டும் எழுதுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்பார். ஒரு பையன் எழுந்து படித்தது இன்னும் நினைவிருக்கிறது. 'கருவாட்டுக் கடைக்குப் பக்கத்தில் ரோஜாச் செடி வைத்திருந்தார்கள். நான் மோந்து பார்த்தேன். ரோஜா கருவாடு வாசனை அடித்தது.' அந்தப் பக்கம் சிரித்தது போதாதென்று என் வகுப்பும் சேர்ந்து சிரித்தது. என் பொருட்காட்சிக்கு ஒரு நாளும் யாரும் சிரித்ததில்லை.

ஒருநாள் நானும் அப்படிச் செய்து பார்த்தேன். எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, "என்னடா கேக்குது?" என்றேன்.

"பக்கத்து கிளாஸ் சிரிக்கிறது கேக்குது டீச்சர்" என்றான் முதல் பெஞ்சுப் பையன். அத்தோடு சரி.

பிறகு பள்ளி ஆய்வுக்குக் கல்வி அதிகாரி ஏ.இ.ஓ. வந்தார். என் பிள்ளைகளை எழுப்பிக் கட்டுரை படிக்கச் சொன்னார். முதல் பிள்ளையை மாமா பொருட்காட்சிக்கு அழைத்துப் போனார். இரண்டாவதையும் மாமா. மூன்றாவதையும் மாமா. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஏம்மா, இந்த கிளாஸுக்கே ஒரே மாமாவா?" என்றார். பிறகு தட்டியைத் தாண்டி 'பி' பிரிவுக்குள் போனவர், அவருக்காக வாங்கி வைத்த டீ ஆறிப்போன பிறகும் வெளியே வரவில்லை. எனக்கு வயிறு பற்றி எரிந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், ரூபி டீச்சர் நல்ல மனுஷி. மத்தியானம் டப்பாவைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளுவார். "மாலதி டீச்சர், உங்க போர்டு எழுத்து அச்சடிச்ச மாதிரி இருக்கு. எனக்கு வரவே மாட்டேங்குது" என்பார். திட்டவாவது செய்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன், என் பிள்ளைகள் ஒற்றுப்பிழை விட மாட்டார்கள். 'பி' பிரிவு நோட்டைத் திறந்தால் ஒற்றெழுத்து தேடினாலும் கிடைக்காது. அதை நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

3

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே வந்ததும் டீச்சர் வேலைக்கு மனுப் போட்டேன். தகுதி பார்க்கிற அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஆசிரியர் பயிற்சியில் நான் ஒவ்வொரு பாடமும் எத்தனை மணி நேரம் படித்தேன் என்று பயிற்சி கொடுத்தவர்களே எழுதி, முத்திரையிட்ட உறையில் அனுப்ப வேண்டுமாம். தாம்பரத்திலிருக்கும் என் தம்பி லீவு போட்டுவிட்டுப் போய்க் கேட்டான். அங்கே இருந்தவர் சொன்னதை அப்படியே ஃபோனில் பேசிக் காட்டினான்.

"சார், உங்க அக்கா ஃபைலு மேல் மாடில கீது. மேல் மாடி பூட்டிகீது. சாவி வெச்சினு இருந்தவரு ரிட்டயர்டு ஆயிட்டாரு. நாங்க இன்னா சார் பண்றது?"

முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. அந்த மாடி இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.

அதனால் நான் இங்கே டீச்சர் இல்லை, 'பெற்றோர் உதவி'. செவ்வாய்க்கிழமை காலையில் நித்யா வகுப்புக்குப் போய், கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிக்கொண்டு பென்சில் சீவுவேன், காகிதம் வெட்டுவேன், படங்களைக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுவேன். நாற்பது பிள்ளைகளை ஒரு பார்வையில் அடக்கியவள் மூலையில் உட்கார்ந்து பசை டப்பாவைக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

மிஸஸ் பார்க்கர் ஆறடி உயரம். வயது ஐம்பதுக்கு மேல். பிள்ளைகளோடு தரையில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வார். பிள்ளைகள் அவரை 'மிஸஸ் பி' என்று கூப்பிடுகிறார்கள். ஒரு பையன் 'நான் கடலுக்குப் போனேன், ஜாலியாக இருந்தது' என்று எழுதிக்கொண்டு வந்தால், "உன் காலுக்கடியில் மணல் எப்படி இருந்தது? அப்போது என்ன சத்தம் கேட்டது?" என்று கேட்பார். பையன் யோசிப்பான். அவரும் காத்திருப்பார். எவ்வளவு நேரமானாலும் அவரே பதிலை எடுத்துக் கொடுக்க மாட்டார். எனக்கு ரூபி டீச்சரே தலைக்கு மஞ்சள் சாயம் அடித்துக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. கடல் தாண்டி வந்தும் இவரிடமிருந்து தப்பிக்க முடியவில்லையே என்று நினைத்தேன்.

ஆனால் அது பழைய எரிச்சல். புதிய எரிச்சல் வேறு. கட்டுரை திரும்பி வந்த மறு செவ்வாய்க்கிழமை, ஜன்னலோரத்தில் நித்யா மிஸஸ் பார்க்கருக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கை இரண்டும் காற்றில் பறக்கின்றன, கண் பெரிதாகிறது, மூச்சு விடாமல் பேசுகிறாள். அந்த அம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்கிறார். நான் பென்சில் சீவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது யார் வீட்டுப் பிள்ளை?

வீட்டில் "ஸ்கூல்ல என்னடி நடந்துச்சு?" என்று கேட்டால் "ஓகே" என்பாள். அவ்வளவுதான். இன்னும் துருவினால் "அம்மா, ப்ளீஸ்" என்பாள். போன வருடம் வரைக்கும் இப்படி இல்லை. காலையில் இரட்டைப் பின்னல் போடும்போது அவள் தலை என் கையில் மாட்டிக்கொள்ளும், அவள் வாய் ஓடிக்கொண்டே இருக்கும். 'மாமா வந்துச்சு, நாய் வந்தாங்க' என்று மரியாதையெல்லாம் தலைகீழாக இருக்கும், ஆனாலும் ஒன்று விடாமல் சொல்லுவாள். யார் யாரைக் கிள்ளினார்கள், யாருக்குப் பல் ஆடுகிறது, எல்லாம். நீச்சல் வகுப்புக்கு இடைஞ்சல் என்று முடியைக் கழுத்தோடு வெட்டினோம். பின்னல் போனதோடு அந்தப் பேச்சும் போயிற்று. போன பேச்சு எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

4

நித்யா தானாகவே வேறு கட்டுரை எழுத ஆரம்பித்தாள். சாப்பாட்டு மேஜையில், காகிதத்தைச் சுற்றி இடது கையை வேலி மாதிரி வைத்துக்கொண்டு.

"காட்டுடி, கண்ணு."

"நோ."

"ஸ்பெல்லிங் மட்டும் பாக்கறேன்."

"மிஸஸ் பி சொன்னாங்க, ஃபர்ஸ்ட்ல ஸ்பெல்லிங் முக்கியம் இல்லன்னு."

ஸ்பெல்லிங் முக்கியம் இல்லையாம்! "எதைப் பத்தின்னாவது சொல்லேன்" என்றேன். "சர்ப்ரைஸ்" என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பிள்ளைகள் எழுதி முடித்த கட்டுரைகளை அட்டை போட்டு ஸ்டேப்ளர் அடிக்கச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை பெற்றோர்களைக் கூப்பிட்டு வைத்து ஒவ்வொரு பிள்ளையும் 'எழுத்தாளர் நாற்காலி'யில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அடுக்கில் நித்யாவின் கையெழுத்து வந்தது. முதல் பக்கத்தைத் திருப்பக் கை வைத்திருப்பேன், மிஸஸ் பார்க்கர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"மாலட்டி, மன்னிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வரை வீட்டில் யாருக்கும் காட்ட வேண்டாம் என்று நித்யா கேட்டிருக்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படிக்கிறீர்களா?"

என் பிள்ளை எழுதியதைப் படிக்க நான் அவளிடம் அனுமதி வாங்க வேண்டும்! பத்து மாதம் சுமந்து பெற்றவள் நான். இதை ஊரில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்களா, அடிக்க வருவார்களா? வாயில் ஆங்கிலம் வரவில்லை. "ஷ்யூர், ஷ்யூர்" என்று சொல்லிவிட்டு ஸ்டேப்ளரை ஓங்கி அடித்தேன். இரண்டு பிள்ளைகள் திரும்பிப் பார்த்தன.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கொட்டித் தீர்த்தேன். "அவ என்ன எழுதியிருக்கான்னு அந்தப் பொம்பளைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இது உங்களுக்கு நல்லா இருக்கா?"

"வெள்ளிக்கிழமை தெரிஞ்சிடப் போகுது. விடேன்."

"உங்களுக்குப் புரியாது."

அவருக்குப் புரியாதுதான். நித்யா அந்த டீச்சரைப் பற்றித்தான் எழுதியிருப்பாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. பிள்ளை பேசுகிற மொழி அந்த அம்மாளுடையது. இனிமேல் மனசில் படுவதெல்லாம் அந்த மொழியில்தான் வரும், அந்த அம்மாளிடம்தான் போகும். எனக்குச் சாதம் போடுகிற வேலையும் துணி மடிக்கிற வேலையும் மிஞ்சும். ரூபி டீச்சரிடம் போனது வகுப்பு. இவரிடம் போவது என் பெண். அதை என்னால் தாங்க முடியவில்லை.

5

வெள்ளிக்கிழமை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். மற்ற அம்மாக்கள் கால்சட்டையில் வந்திருந்தார்கள். வரட்டும். சின்னச் சின்ன நாற்காலிகளில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்தோம். முன்னால் நீலப் பெயின்ட் அடித்த பழைய சாய்வு நாற்காலி. ஒரு பையன் படிகளில் விழுந்து பல் உடைந்த கதையைப் படித்தான். ஒரு பெண் தன் பூனை செத்ததைப் படித்தாள். பிறகு நித்யா ஏறி உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. என்னைப் பார்க்காமல் காகிதத்தைப் பிரித்தாள். ஆங்கிலத்தில்தான் படித்தாள். நான் தமிழில் சொல்கிறேன்.

'தாம்பரத்தில் நானும் அம்மாவும் ஆட்டோவில் போனோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. ஆட்டோவில் பெட்ரோல் வாசனையும் மல்லிகைப் பூ வாசனையும் வந்தது. பூ கண்ணாடியில் தொங்கியது. அம்மா ஆட்டோக்காரரோடு சண்டை போட்டாள். ஆக்லாந்தில் அம்மா ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள். கடையில் சின்னக் குரலில் பேசுவாள். தாம்பரத்தில் அம்மா பார்க்கவே இல்லை. வார்த்தைகள் தாமாக வந்தன. அம்மாவின் கை ஆட்டோவுக்கு வெளியே போய்ப் போய் வந்தது. வளையல் சத்தம் கேட்டது. ஆட்டோக்காரர் திரும்பி ஏதோ சொன்னார். அம்மா சிரித்தாள். சைக்கிளில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் ஏன் என்று தெரியவில்லை. அம்மாவின் அந்தச் சிரிப்பை நான் வீட்டில் பார்த்ததில்லை. எனக்கு ஆட்டோக்காரர் மேல் பொறாமையாக இருந்தது. ரயில் போனது. கேட் திறந்தது.'

முடிந்துவிட்டது. முடிவுரை கிடையாது, நீதி கிடையாது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டினேனா என்று எனக்குத் தெரியாது. இத்தனை நாளாக நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்த பொறாமை என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்திருந்தது, அதுவும் என்னைப் பற்றி. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

படித்து முடித்ததும் கேட்டவர்கள் கேள்வி கேட்க வேண்டும், அது இங்கே வழக்கம். முகமெல்லாம் புள்ளியாக இருந்த ஒரு பையன் கை தூக்கினான். "அந்த டிரைவர் என்ன சொன்னார்?"

"தெரியாது" என்றாள் நித்யா. "அம்மாகிட்ட கேட்டேன். சும்மா ஏதோ சொன்னான்னு சொல்லிட்டாங்க."

அறை முழுக்க என் பக்கம் திரும்பியது. மிஸஸ் பார்க்கர் வழக்கம்போலக் காத்திருந்தார். ஆட்டோவில் அவள் என் முந்தானையை இழுத்து இழுத்துக் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விளக்கினால் இவளுக்கு எங்கே புரியப்போகிறது என்று விட்டிருந்தேன்.

சின்ன நாற்காலியிலிருந்து எழுந்தேன். ஆங்கிலத்தில் ஆரம்பிக்கப் பார்த்தேன், வரவில்லை. அந்தக் கேட்டும் வெயிலும் ஆட்டோவும் அப்படியே முன்னால் நின்றன. தமிழிலேயே சொன்னேன், அன்றைக்குச் சொன்ன அதே குரலில், கையை வீசி.

"அப்பவே சொன்னேனா இல்லியா? இந்நேரத்துக்கு செங்கல்பட்டு வண்டி வரும், கேட்டு போட்ருவான், சுத்திப் போப்பான்னேன். கேட்டியா? நான் இந்த ஊர்லயே பொறந்து வளந்தவ, எனக்கே வழி சொல்றியா நீ?"

பிறகு ஆட்டோக்காரரின் குரலில், ஒரு தோளை மட்டும் திருப்பிக்கொண்டு:

"அக்கா, நீ இப்டியே பேசிகினு இரு. உன் சவுண்டுக்கு பயந்துகினு கேட்டு தானா தொறந்துக்கும்!"

அப்புறம் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னேன். இலக்கணம் எங்கே போயிற்றோ, கவலைப்படவில்லை. புள்ளிப் பையன் முதலில் சிரித்தான், பிறகு எல்லாரும். மிஸஸ் பார்க்கர் சிரித்தாரா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நித்யா சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து குதித்து, தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைத் தாண்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். என் மடியில் கட்டுரையை விரித்து, ஆட்டோக்காரர் ஏதோ சொன்னார் என்ற வரியைப் பென்சிலால் அடித்தாள்.

"ஸ்லோவா சொல்லும்மா" என்றாள். "ஃபர்ஸ்ட்ல இருந்து. நீ முதல்ல என்ன சொன்ன?"